பக்கத்துக் கட்டத்தில் போட்ட கோடு

தேர்தல் முடிவு வருகிற நாளில் எங்கள் வீட்டில் சமையல் நடக்காது, சண்டைதான் நடக்கும். என் கணவர் காலை ஏழு மணிக்கே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துவிடுவார். அவருடைய கட்சி முந்தினால் மக்கள் தெளிவாக இருக்கிறார்கள். பிந்தினால் மெஷினில் ஏதோ செய்துவிட்டார்கள். மூன்றாவதாக ஒரு காரணம் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. சிதம்பரம் கீழ வீதி டீக்கடையில் அவருடன் உட்காருகிற நாலு பேரும் இதே ரகம், கட்சி மட்டும் ஆளுக்கு ஒன்று. ஒருவர் அனுப்புகிற வீடியோவை இன்னொருவருக்கு அனுப்பி, அது சுற்றிவிட்டு இவருக்கே திரும்பி வரும்போது, "பாரு, எல்லாருமே சொல்றாங்க" என்பார்.

"எங்கியோ உக்காந்துகிட்டு ரிமோட்ல மாத்துறானுங்களாம்."

"அந்த மெஷினைத் தூக்கிக்கிட்டுப் போயி, பக்கத்துல படுத்து எழுந்திருச்சு வந்தவ நானு. எனக்குத் தெரியாம எவன் மாத்துறான்?"

"உனக்குத் தெரிஞ்சா மாத்துவானுங்க?"

நான் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறவள். இருபது வருடமாக எந்தத் தேர்தல் வந்தாலும் எனக்கு வேலை வந்துவிடும். ஒவ்வொரு முறையும் அவருக்கு அரை மணி நேரம் பாடம் எடுப்பேன். அந்த மெஷினுக்கு நெட் கிடையாது, வெளியிலிருந்து ஒயர் கிடையாது, விடியற்காலையில் ஏஜெண்டுகள் கண் முன்னால் மாதிரி ஓட்டுப் போட்டுக் காட்டி அழித்துவிட்டுத்தான் தொடங்குகிறோம், சாயங்காலம் சீல் வைக்கும்போது அவர்கள் கையெழுத்தும் வாங்குகிறோம் என்று விரல் விட்டு எண்ணிச் சொல்வேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "அது சரி" என்று சொல்லி அடுத்த வீடியோவைத் திறப்பார். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒளிச்சேர்க்கையைப் புரியவைப்பது இதைவிட எளிது.

இதை எழுதுவது அவரைத் திட்டுவதற்காக இல்லை. அவரைத் திட்ட எனக்குத் தாள் தேவையில்லை. கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில், ஒரு தேர்தல் நாளில், ஒரு அம்மாவுக்கு நான் செய்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இதுவரை வீட்டில்கூடச் சொல்லவில்லை. சொன்னால் டீக்கடையில் போய் அதற்கு வேறு ஒரு உருவம் கொடுத்துவிடுவார்.

அந்தத் தேர்தலில் நான் வாக்குச்சாவடியின் தலைமை அலுவலர். பெயர்தான் பெரியது. மூன்று பயிற்சி வகுப்புகளுக்குச் சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பஸ்ஸில் போய் வந்தேன். மூன்றிலும் ஒரே படங்களைத் திரையில் போட்டார்கள். மூன்றிலும் ஒரு டீச்சர் எழுந்து, "சார், கழிப்பறை இருக்குமா?" என்று கேட்டார். மூன்றிலும் "எல்லா வசதியும் செஞ்சிருக்கு" என்று பதில் வந்தது. தேர்தலுக்கு முதல் நாள் போய்ப் பார்த்தால் சாவடியாக இருந்த பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குக் கதவு இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. தண்ணீர்க் குழாய் இருந்தது, தண்ணீர் இல்லை. எதிர்வீட்டுப் பெண் தானாக வந்து, "எங்க வூட்டுக்கு வந்துடுங்க டீச்சர்" என்றாள். அவள் மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால் ஜனநாயகத்தை அங்கேயே விட்டுவிட்டுக் கடலூர் பஸ் ஏறியிருப்பேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் கிழக்குச் சுற்றுச்சுவர் கடலுக்குள் விழுந்து கிடந்தது. அலை அதன் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கரைக்கு முதல் வரிசையில் இருந்த வீடுகள் இப்போது இல்லையாம். தூண்டில் வளைவு என்று கடலுக்குள் கருங்கல்லைக் கொட்டி நீட்டுவார்கள், கரையை அலை அரிக்காமல் இருக்க. அதைப் போட்டுத்தருவதாக ஒவ்வொரு தேர்தலுக்கும் வந்து சொல்லிவிட்டுப் போகிறார்களாம். அந்த ஊரில் ஓட்டு என்றால் அதுதான், வேறு பேச்சே இல்லை.

காலையில் இரண்டு ஏஜெண்டுகள் வந்தார்கள். எதிரெதிர்க் கட்சி. ஒருவருடைய அக்காவை இன்னொருவர் கட்டியிருக்கிறார். நான் தனித்தனியாக நாற்காலி போட்டு வைத்திருந்தேன். இரண்டையும் தள்ளிவிட்டு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்தைப் பிரித்து இட்லி சாப்பிட்டார்கள். "மாமா, சட்னி உங்க பக்கம் ஜாஸ்தியா இருக்கு" என்றார் மச்சான். மாமா தள்ளிவைத்தார். மாதிரி ஓட்டு ஐம்பதைப் போட்டு எண்ணிக் காட்டி அழித்தேன். மச்சான் கழுத்தை நீட்டி மெஷினைப் பார்த்தார்.

"உள்ள எதுவும் தங்கியிருக்காதே டீச்சர்?"

"பூஜ்யம் காட்டுது பாருங்க. ஒரு ஓட்டு இல்ல. இங்க தப்பு நடக்கவே முடியாது."

இதைச் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. என் கணவர் அங்கே இருந்து கேட்டிருக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

ஓட்டுப் போடுவது எப்படி என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் மேசையில் நாங்கள் செய்வதைக் கவனித்தவர் குறைவு. முதல் அலுவலரிடம் வாக்காளர் பட்டியல் இருக்கும். ஒரு பக்கத்தில் முப்பது கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு ஆள், தபால்தலை அளவுக்கு ஒரு படம். வருகிறவரின் கட்டத்தைக் கண்டுபிடித்து, வரிசை எண்ணையும் பெயரையும் உரக்கப் படிக்க வேண்டும். ஏஜெண்டுகள் காதில் விழுந்து அவர்கள் பட்டியலிலும் குறித்துக்கொள்வார்கள். பிறகு அந்தக் கட்டத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. பெண் என்றால் எண்ணைச் சுற்றி ஒரு வட்டமும் போட வேண்டும். இரண்டாம் அலுவலர் அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதி, கையெழுத்தோ ரேகையோ வாங்கி, விரலில் மை வைப்பார். மூன்றாமவர் பட்டனை அழுத்தி உள்ளே அனுப்புவார். இவ்வளவுதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்துவிடும்.

முதல் அலுவலராக வந்தவர் வேறு ஒரு துறையில் எழுத்தர். சர்க்கரை வியாதிக்காரர். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும் என்று காலையிலேயே சொல்லியிருந்தார். "நீங்க போய்ச் சாப்பிடுங்க சார், நான் பாத்துக்கறேன்" என்று அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். ஒரே தெருவிலிருந்து ஏழெட்டுப் பேர். மின்விசிறி நின்று ஒரு மணி நேரமாகியிருந்தது. அதற்குள் என் போன் அடித்தது. மண்டல அலுவலர். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எத்தனை ஓட்டு விழுந்தது, ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டேன். வந்து சேரவில்லை என்கிறார். மறுபடி அனுப்பினேன் என்கிறேன். அதுவும் வரவில்லை, செயலியில் ஏற்றுங்கள் என்கிறார். செயலி சுற்றிக்கொண்டே இருக்கிறது என்கிறேன். கடற்கரையில் சிக்னல் இல்லாவிட்டால் நான் என்ன செய்வது, கட்டுமரத்தில் ஏறி நடுக்கடலுக்குப் போய் அனுப்பட்டுமா? போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டே அட்டையை வாங்கினேன், கட்டத்தைத் தேடினேன், எண்ணைச் சொன்னேன், கோடு போட்டேன். பெயரைப் படிக்கவில்லை. வாய்தான் மண்டல அலுவலரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததே. அப்படி நாலைந்து பேரை அனுப்பினேன்.

சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் ஒரு அம்மா வேகவேகமாக வந்தார். ஐம்பது வயதிருக்கும். காலிக் கூடையை வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். மேல்பட்டாம்பாக்கம் வரை போய்த் தெருத்தெருவாக மீன் விற்கிறவர். "கூடையோட ஏத்த மாட்டேன்னு ரெண்டு பஸ்ஸு உட்டுட்டுப் போயிட்டான் டீச்சர். அரைக்கூடை மீனக் கேட்ட வெலைக்குத் தள்ளிட்டு ஓடியாறேன்" என்றார். முதல் அலுவலர் பட்டியலைப் புரட்டினார். விரலை ஒரு கட்டத்தில் வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். சிவப்புக் கோடு. எண்ணைச் சுற்றி வட்டம்.

"உங்க ஓட்டு பதிவாயிருக்கேம்மா."

"எங்க ஓட்டா?" என்று அந்த அம்மா இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்தார். "இந்தா, பத்து வெரலையும் பாரு. எதுலயாவது மை இருக்கா?"

மீன் செதில் ஒட்டியிருந்தது, மை இல்லை. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வெளியே யாரோ "கள்ள ஓட்டுடா" என்று சத்தம் போட்டார்கள். "மாமா, உங்க ஆளுங்களா?" என்று மச்சான் சந்தேகமாகக் கேட்டார். "ஏன்டா, அவுங்க உனக்கும்தான சொந்தம்" என்றார் மாமா. பதிவேட்டைத் திறந்து அந்த எண்ணுக்கு நேரே யார் கையெழுத்து என்று பார்த்தோம். அந்த அம்மா குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார்.

"எனக்கு ஏது கையெழுத்து? ரேகைதான். இது எங்க ஓரகத்தி போட்டது. இந்தச் சுழியப் பாருங்க, அவளத் தவிர ஊருல எவளும் இப்படிச் சுழிக்க மாட்டா."

ஓரகத்தியின் கட்டம் பக்கத்திலேயே இருந்தது. ஒரே வீட்டு எண். கோடு இல்லாமல் வெள்ளையாக இருந்தது. மதியம் ஓரகத்தி வந்திருக்கிறார், நான் பக்கத்துக் கட்டத்தின் எண்ணைச் சொல்லியிருக்கிறேன், அங்கேயே கோடு போட்டிருக்கிறேன். பெயரைப் படித்திருந்தால் அந்தப் பெண்ணே "அது நானில்ல" என்று சொல்லியிருப்பார். பெஞ்சில் இருந்த இருவரும் நான் சொன்ன எண்ணை அப்படியே குறித்துக்கொண்டார்கள். எந்தக் கட்சியும் செய்யவில்லை, எந்த மெஷினும் செய்யவில்லை. தாவரவியல் டீச்சர் செய்தாள்.

"தப்பு என்னுதுதாம்மா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கட்டங்களைப் பார்த்தார், யோசித்தார். "அவ கட்டம் சும்மாதான கெடக்கு? அதுல ஒரு கோட்டப் போட்டுட்டு என்னை உள்ள உடுங்க. அவ என்னுதுல போட்டுட்டா, நான் அவளுதுல போட்டுடறேன். ரெண்டு பேருக்கு ரெண்டு ஓட்டு. சரியாப் போச்சு."

அதைவிடச் சரியான தீர்ப்பை எந்த நீதிபதியும் சொல்லியிருக்க முடியாது. மாமா, "எனக்கு அப்ஜெக்சன் இல்ல டீச்சர்" என்றார். மச்சான், "எனக்கும் இல்ல, உடுங்க" என்றார். அன்றைக்கு முழுவதும் அவர்கள் இருவரும் இட்லியைத் தவிர ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் நியாயம் தெரிந்தது. ஆனால் ஒருவர் பெயரில் இன்னொருவர் ஓட்டுப் போட்டால் அதற்குப் பெயர் ஆள்மாறாட்டம். அதைத் தெரிந்தே அனுமதித்தால் என் வேலை போகும். நான் மண்டல அலுவலருக்குப் போன் செய்தேன். அப்போது மட்டும் சிக்னல் நன்றாக இருந்தது.

"மேடம், ரெஜிஸ்டர்ல ஏறிடுச்சுன்னா ஏறுனதுதான். டெண்டர் ஓட்டு குடுத்து அனுப்புங்க. புதுசா எதையும் கண்டுபிடிக்காதீங்க. அப்புறம், அஞ்சு மணி பர்சன்டேஜ் இன்னும் வரல."

டெண்டர் ஓட்டு என்றால், தன் பெயரில் ஏற்கெனவே ஓட்டு விழுந்துவிட்டது என்று சொல்கிறவருக்குக் கொடுக்கிற காகிதச் சீட்டு. மெஷின் கிடையாது. சீட்டில் முத்திரை குத்தி மடித்துக் கொடுத்தால் தனி உறையில் போட்டு ஒட்டிவிடுவோம். எண்ணுகிற நாளில் அந்த உறையைப் பிரிக்க மாட்டார்கள். யாராவது வழக்குப் போட்டு நீதிமன்றம் பிரிக்கச் சொன்னால் ஒழிய அது அப்படியே கட்டுக்குள் கிடக்கும். மூன்று பயிற்சி வகுப்பிலும் இதைச் சொன்னார்கள். மூன்றிலும் நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த அம்மா சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத எண்ணுவாங்களா டீச்சர்?"

வாசலில் வரிசை நீண்டிருந்தது. வெளியே இன்னும் கள்ள ஓட்டு என்ற பேச்சு ஓயவில்லை. எண்ண மாட்டார்கள் என்று தெரிந்து இவர் வெளியே போய் ஒரு சத்தம் போட்டால் குப்பமே திரண்டு வரும். மூடுகிற நேரத்துக்குள் வேலை முடியாது. பிறகு விசாரணை, விளக்கக் கடிதம், என் பெயர். இவ்வளவும் ஒரு நொடியில் மனதில் ஓடியது. நான் வாயைத் திறந்தேன்.

"எங்க ஓட்டுகூட இப்படிக் கவர்லதாம்மா போட்டோம். தேர்தல் வேலை பாக்கறவங்க எல்லாருமே கவர்லதான்."

அது உண்மை. எங்களுக்குத் தபால் ஓட்டு. அதை எண்ணுவார்கள். அவர் கேட்டது அது இல்லை என்று எனக்குத் தெரியும். படித்தவள் பொய் சொன்னால் இப்படித்தான் சொல்வாள், ஒரு வார்த்தையும் பொய்யாக இருக்காது.

"நீங்க சொன்னா சரி" என்று அவர் தடுப்புக்குப் பின்னால் போனார். வெகுநேரம் கழித்து வந்தார். முத்திரையின் மை மடிப்பில் ஒட்டிவிடக் கூடாது என்று வாயால் ஊதிக் காயவைத்துக்கொண்டே வந்தார். மை வைத்துக்கொள்ள விரலை நீட்டினார். ஒட்டிய உறையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். மெஷினுக்குச் சீல் வைத்தபோது எண்ணிக்கை பதிவேட்டோடு அட்சரசுத்தமாகப் பொருந்தியது. மண்டல அலுவலர், "உங்க சாவடிதான் மேடம் ஒரு பிரச்சினையும் இல்லாம முடிஞ்சுது" என்றார்.

முடிவு வந்தது. எங்கள் வீட்டில் வழக்கமான சண்டை. அந்த முறை நான் பாடம் எடுக்கவில்லை. "என்ன, இந்தத் தடவ நீயே ஒத்துக்கிட்டியா?" என்று அவர் சந்தோஷமாகக் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ரிமோட்டைப் பிடுங்கி டிவியை அணைத்தேன். அவர் மேல் ஆத்திரமா, என் மேலா என்று அப்போது பிரித்துப் பார்க்கிற பொறுமை இல்லை.

சில மாதம் கழித்துப் பள்ளி வேலையாகக் கடலூர் போயிருந்தேன். திரும்பும்போது முதுநகர் மீன் சந்தையில் இறங்கினேன். அன்றைக்குத் தெருவுக்குப் போகாமல் சந்தையிலேயே அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்திருந்த அந்த அம்மா கூப்பிட்டார்.

"டீச்சர்! என்னைத் தெரியுதா? என் ஓட்ட மட்டும் தனியா கவர்ல போட்டு ஒட்டுனீங்களே!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் திரும்பினார். "நான் சொல்லல? இவுங்கதான். எல்லாருது மெஷினுல போச்சு, என்னுது மட்டும் தனிக் கவரு. கல்லு கொட்ட வந்துட்டா என் ஓட்டுலதான் வந்துச்சுன்னு சொல்லுவேன்." எனக்கு வஞ்சிரத்தை நறுக்க ஆரம்பித்தார். நடுத்துண்டாகப் பார்த்து எடுத்தார். வேண்டாம் என்றாலும் இரண்டு துண்டு கூடப் போட்டார்.

உண்மையைச் சொல்லாமல் அந்த மீனை வாங்கிக்கொண்டு வர என்னால் முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

"அம்மா, அந்தக் கவரப் பிரிக்கவே மாட்டாங்க. உங்க ஓட்ட எண்ணல."

கை நின்றது. "எண்ணலியா?"

"எண்ண மாட்டாங்க. கோர்ட்டு சொன்னாத்தான் பிரிப்பாங்க. யாரும் கேஸு போடல."

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே தெரியும்."

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவர் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழுவிப் பையில் போட்டார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கணும் டீச்சர்" என்றார். "எண்ண மாட்டாங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அங்கியே சண்ட போட்டிருப்பேன். வெளியில அத்தினி பேரு நின்னாங்க, என் ஓரகத்தியும் வந்திருப்பா. கோர்ட்டுக்கும் போயிருப்போம். நீங்க சொன்னதக் கேட்டுட்டு நான் பாட்டுக்கு வூட்டுக்குப் போயிட்டேன்."

பையை என் பக்கம் தள்ளிவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரிடம் என்ன மீன் வேண்டும் என்று கேட்டார்.